'ரோசாப்பூ துரை' ஜார்ஜ் ஜோசப்: தண்டனை முடிஞ்சாலும் போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏன் முடியறதில்லை?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வேலை தேடுறவங்களுக்கு ஒரு பேப்பர் நல்லா பழக்கம். போலீஸ் வெரிஃபிகேஷன் சான்று. தொழிற்பேட்டையில் செக்யூரிட்டி வேலை, கம்பெனி வண்டி ஓட்டுற வேலை, அரசுத் தொழிற்சாலைக்குள் கான்ட்ராக்ட் வேலை என்று எதுக்குப் போனாலும் பல இடங்களில் முதலில் கேட்பது இதைத்தான். மேல வழக்கு ஏதாவது இருக்கா, இதுக்கு முன்னாடி இருந்ததா என்பதுதான் அதில் கேள்வி.

இப்போ ஒரு இளைஞரை நினைச்சுப் பாருங்க. 22 வயசில் ஒரு அடிதடி கேஸ். குற்றம் நிரூபணம் ஆகுது. முதல் தவறு என்பதால் நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி, நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் வீட்டுக்கே அனுப்புகிறார். அந்த இளைஞரும் சொன்ன நாளில் ஆஜராகி, எந்த வம்புக்கும் போகாமல் காலத்தை முடிச்சிடுறார். பத்து வருஷம் கழிச்சு குழந்தை குட்டியோடு இருக்கும்போது ஒரு நல்ல வேலை வருது. வெரிஃபிகேஷனில் பழைய கேஸ் எட்டிப் பார்க்குது. வேலை போச்சு.

அப்போ கண்காணிப்பு முடிஞ்சதுக்கு என்ன அர்த்தம்? போலீஸ் ஏட்டில் ஏறின பெயர் இறங்கவே இறங்காதா?

இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்நாட்டில் ஒரு வக்கீல் கையில் எடுத்தார். அவர் பிறந்தது கேரளாவில், படித்தது லண்டனில், வாழ்ந்தது மதுரையில். சட்டப்படி அவர் பெயர் ஜார்ஜ் ஜோசப். மதுரை, உசிலம்பட்டி பக்கத்து கிராமத்து ஜனங்களுக்கு அவர் 'ரோசாப்பூ துரை'.

யார் இந்த ஜார்ஜ் ஜோசப்?

1887-ம் ஆண்டு ஜூன் 5-ம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தம்பி போத்தன் ஜோசப், பின்னாளில் இந்தியாவின் பெரிய பத்திரிகை ஆசிரியர்களில் ஒருவர் ஆனவர்.

ஜார்ஜ் ஜோசப் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தத்துவம், லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம். பாரிஸ்டர் பட்டத்தோடு 1909-ல் ஊர் திரும்பினார். சென்னையில் கொஞ்ச காலம் தொழில் பார்த்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். அதன் பிறகு மதுரைதான் அவருக்கு ஊர்.

பாரிஸ்டர் என்றால் அந்தக் காலத்தில் பங்களா, கோச்சு வண்டி, வெள்ளைக்கார நட்பு என்று வாழ்க்கை அமைத்துக்கொள்ள வழி இருந்தது. ஜோசப் அந்தப் பாதையில் நீடிக்கவில்லை. அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று இங்கிலாந்தில் போய்ப் பேசுவதற்காகக் கப்பல் ஏறினார். கப்பல் ஜிப்ரால்டரைத் தொட்டதும் பிரிட்டிஷ் அதிகாரிகள் தடுத்து, அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

1918 வாக்கில் மதுரை மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டும் வேலையில் இறங்கினார். காந்தி, ராஜாஜி போன்றவர்கள் மதுரைக்கு வந்தபோது அவர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். ஆனால் கிராமத்து மக்கள் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கக் காரணம் இது எதுவும் இல்லை. அதற்குக் காரணம் ஒரு பதிவேடு.

ரேகைச் சட்டம் என்றால் என்ன?

குற்றப் பரம்பரைச் சட்டம். ஜனங்கள் வாயில் ரேகைச் சட்டம். 1871-ல் வட இந்தியாவில் முதலில் கொண்டுவந்தார்கள். 1911-ல் புதுச் சட்டமாக எழுதி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள்.

சட்டம் வேலை செய்த விதத்தைக் கவனிச்சாதான் அதன் கொடுமை புரியும். ஒரு சாதியையோ கூட்டத்தையோ குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அறிவிப்பு வந்ததும் மாவட்ட அதிகாரி ஒரு பதிவேடு திறப்பார். அந்தச் சமூகத்து ஆண்களின் பெயரை எழுதி, விரல் ரேகையை எடுப்பார்கள்.

பதிவேட்டில் பெயர் ஏற, திருடியிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. பிறந்திருந்தால் போதும்.

பெயர் ஏறிய பிறகு அந்த மனுஷன் ஊரில் இருந்தும் கைதிதான். குறித்த நேரத்தில் போலீஸிடம் ஆஜர் கொடுக்கணும். இரவில் வீட்டில் படுக்காமல் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்கணும். வெளியூர் போகணும்னா அனுமதிச் சீட்டு வேணும். சீட்டு இல்லாமல் சந்தைக்குப் போனால்கூட குற்றம். புதுசாகக் கல்யாணம் ஆனவருக்கும் இதே கதி, வீட்டில் உடம்பு சரியில்லாத தாய் இருந்தாலும் இதே கதி.

பெயரைத் தப்பாகச் சேர்த்துவிட்டார்கள் என்றால் யாரிடம் முறையிடுவது? மாவட்ட அதிகாரியிடம்தான். பதிவேட்டுக்குப் பொறுப்பானவரிடமே போய், என் பெயரை எடுத்துடுங்க என்று கேட்கணும்.

மதுரைப் பக்கத்தில் இந்தச் சட்டத்தின் பெரிய அடி பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் விழுந்தது. அவர்கள் பல ஊர்களில் காவல் முறையை வைத்து வாழ்ந்தவர்கள். ஊருக்குக் காவல் இருப்பார்கள், அதற்கு ஊர் கூலி கொடுக்கும். பிரிட்டிஷ் போலீஸுக்கு அது போட்டி அதிகாரமாகத் தெரிந்தது. 1914-ல் கீழக்குயில்குடியில் ஆரம்பித்த பதிவு, சில ஆண்டுகளில் கிராமம் கிராமமாகப் பரவியது.

பெருங்காமநல்லூரில் நடந்தது

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கத்தில் உள்ள பெருங்காமநல்லூருக்கு ரேகை எடுக்கப் போலீஸ் படை வந்தது. ஊர் மக்கள் ரேகை வைக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் மாயக்காள் என்பது அந்த ஊர் இன்றும் சொல்லும் நினைவு.

சூடு முடிந்த பிறகு வழக்கு ஊர்க்காரர்கள் மேல்தான் பாய்ந்தது. இந்த இடத்தில்தான் ஜார்ஜ் ஜோசப் வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாத, பெரிய வக்கீலுக்குக் கொடுக்கக் காசும் இல்லாத அந்த மக்களுக்காக அவர் நீதிமன்றத்தில் நின்றார். சட்டத்தின் கொடுமையைப் பத்திரிகைகளிலும் எழுதினார். மதுரையில் வேறு சாதி, வேறு மதம், வேறு மொழிக்காரரான ஒரு பாரிஸ்டர் இப்படி வந்து நின்றதை அந்த ஜனங்கள் மறக்கவில்லை.

ரோசாப்பூ துரை என்ற பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்வதுண்டு. கோட்டில் ரோஜாப்பூ செருகியிருப்பார் என்பது ஒன்று. ஜோசப்பு என்ற பெயர் கிராமத்து வாயில் ரோசாப்பு ஆகிவிட்டது என்பது இன்னொன்று. எது எப்படியோ, உசிலம்பட்டி பக்கம் பிள்ளைகளுக்கு ரோசாப்பு என்று பெயர் வைக்கும் வழக்கமே வந்துவிட்டது. போலீஸ் தன் பதிவேட்டில் இந்த மக்களின் பெயரை எழுதியது. இந்த மக்கள் தங்கள் வக்கீலின் பெயரைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொண்டார்கள்.

அவர் பெயரும் பதிவேட்டில் ஏறியது

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் ஜோசப் நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டார். மோதிலால் நேரு அலகாபாத்தில் நடத்திய 'இண்டிபென்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியராகப் போனார். 1921 டிசம்பரில் கைது. சிறைத் தண்டனை. ஜவாஹர்லால் நேரு, மகாதேவ தேசாய் போன்றவர்கள் அவருடன் லக்னோ சிறையில் இருந்தார்கள். வெளியே வந்த பிறகு 1923-ல் காந்தியின் 'யங் இந்தியா' பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார்.

1924-ல் வைக்கம் போராட்டம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்த சத்தியாகிரகம் அது. முதல் கட்டத் தலைவர்கள் கைதானதும் ஜார்ஜ் ஜோசப் முன்னால் வந்து நின்றார். இது இந்துக்கள் சரிசெய்ய வேண்டிய விஷயம், நீங்கள் ஒதுங்கி இருங்கள் என்பது காந்தியின் கருத்து. ஜோசப்புக்கு அது தெரு, பொது வழி, மனிதர் எல்லோருக்குமான உரிமை. அவரும் கைதானார். அதன் பிறகுதான் பெரியார் வைக்கத்துக்குப் போய்ப் போராட்டத்தை நடத்தினார் என்பது நமக்குத் தெரிந்த கதை.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். பதிவேட்டில் இருந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல், இப்போது தானே தண்டனை பெற்றவர். இன்றைய வெரிஃபிகேஷன் படிவத்தை அவர் கையில் கொடுத்திருந்தால், வழக்கு உண்டா என்ற கட்டத்தில் ஆம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

காமராஜர் வழக்கும் ஆவடியும்

ஜோசப் பிறகு மதுரைக்குத் திரும்பி மறுபடி கோட்டு மாட்டினார். 1933-ல் அவர் வந்து நின்ற ஒரு வழக்கு தமிழ்நாட்டு அரசியலுக்கே முக்கியமானது. விருதுநகர் வெடிகுண்டு வழக்கு. அதில் போலீஸ் சேர்த்த பெயர்களில் ஒன்று காமராஜர். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினார்கள். காமராஜர் மேல் இருந்த குற்றச்சாட்டு நிற்கவில்லை. விடுதலையானார்.

விடுதலைப் போராட்டத்தில் மொத்தம் சுமார் 9 ஆண்டுகள் சிறையில் இருந்த அதே காமராஜர் 1954-ல் முதலமைச்சர் ஆனார். அடுத்த வருஷம் ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்த இடம் எது தெரியுமா? நம்ம ஆவடி. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. சென்னையின் மேற்குப் பக்கம் வேலை தரும் ஊராக மாறியதன் ஆரம்பம் இந்தக் காலம்தான்.

அரசியல் வழக்கும் அடிதடி வழக்கும் ஒன்று என்று இங்கே சொல்ல வரவில்லை. ஆனால் ஏட்டில் பழைய வழக்கு இருந்தவர் ஒரு மாநிலத்தையே நடத்தினார். அந்தக் காலத்தில் முளைத்த தொழிற்சாலைகளின் வாசலில், பத்து வருஷத்துக்கு முன்பு முடிந்துபோன ஒரு சின்ன கேஸ் இன்று ஒருத்தரை நிறுத்திவிடுகிறது. இது யோசிக்க வேண்டிய விஷயம் இல்லையா?

பதிவேடு எப்போது மூடப்பட்டது?

ஜார்ஜ் ஜோசப் 1935-ல் மறுபடி காங்கிரஸுக்கு வந்தார். 1937-ல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அதிக நாள் இருக்கவில்லை. 1938-ம் ஆண்டு மார்ச் 5-ம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் இறந்தார். வயது 50.

ரேகைச் சட்டம் ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் உட்பட பலர் தொடர்ந்து போராடிய பிறகு, 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க ரத்தாக 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது. குற்றப் பரம்பரை என்ற பெயர் போய், சீர்மரபினர் என்ற பெயர் வந்தது.

கதை அதோடு முடிந்ததா? இல்லை. 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டம் ஒன்றை சென்னை மாகாணம் கொண்டுவந்தது. சட்டம் போனாலும் ஏட்டின் பழக்கம் போகவில்லை. 2024 அக்டோபர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்க வேண்டும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள்போல் நடத்தும் விதிகள் செல்லாது என்றது. சட்டம் ரத்தாகி 70 வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் நீதிமன்றம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

இப்போ முதலில் பார்த்த அந்த இளைஞர் விஷயத்துக்கு வருவோம்.

தண்டனைக்குப் பதில் கண்காணிப்பு என்ற யோசனை தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. சென்னை மாகாணம் 1936-லேயே நன்னடத்தைச் சட்டம் கொண்டுவந்தது. ஜார்ஜ் ஜோசப் உயிரோடு இருந்த காலம் அது. ஒரு பக்கம் குற்றமே செய்யாதவரை ஆயுசுக்கும் கண்காணிக்கும் ரேகைச் சட்டம். இன்னொரு பக்கம் குற்றம் செய்தவரையும் திருந்த விடும் நன்னடத்தைச் சட்டம். இரண்டும் ஒரே மாகாணத்தில் ஒரே நேரத்தில் அமலில் இருந்தன.

இன்று நாடு முழுக்கப் பொருந்துவது 1958-ம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் முக்கிய பிரிவுகள் இவை.

பிரிவு 3: சில சின்னக் குற்றங்களில், முதல் முறை என்றால் கண்டித்து மட்டும் விடலாம்.

பிரிவு 4: மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், அதிகபட்சம் 3 ஆண்டுக்கு நன்னடத்தைப் பத்திரம் வாங்கி விடலாம். நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பு போட்டால் அது குறைந்தது ஒரு வருஷம்.

பிரிவு 6: 21 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சிறைக்கு அனுப்பினால், ஏன் அனுப்புகிறோம் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும்.

பிரிவு 12: இதுதான் நம்ம கேள்விக்கான பிரிவு. பிரிவு 3 அல்லது 4-ன் கீழ் விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு எதுவும் வராது. பத்திரத்தை மீறி, பிறகு அதே குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

படிச்சவுடனே, அப்போ கேஸே இல்லாத மாதிரிதானே என்று தோணும். அங்கேதான் சிக்கல். தகுதியிழப்பு போகும், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு போகாது. உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1975-ல் தெற்கு ரயில்வே ஊழியர் தொடர்பான வழக்கு ஒன்றில், நன்னடத்தையில் விட்டாலும் தீர்ப்பு அழியாது, ஆனால் விஷயத்தைப் பரிசீலிக்காமல் தானாக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது. 1990-ல் வந்த தீர்ப்பும், பிரிவு 12 தண்டனைத் தீர்ப்பையே துடைத்துவிடாது என்றது.

அதாவது, ஏட்டில் எழுத்து அப்படியே இருக்கும். அந்த ஏட்டை மூடி முத்திரை வைக்கும் பொதுவான சட்டம் வயது வந்தவர்களுக்கு இந்தியாவில் இல்லை. தனியார் கம்பெனி அந்த ஏட்டைப் பார்த்துவிட்டு வேலை இல்லை என்று சொன்னால், பிரிவு 12-ஐக் காட்டிக் கேட்பதும் கஷ்டம்.

பிரிட்டனில் 1974-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட ஆண்டுகள் குற்றமில்லாமல் இருந்தால், பல வகை தண்டனைகள் காலாவதி ஆனதாகக் கருதப்படும். பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 2018-ல், தகுதியான பழைய சின்ன வழக்குகளைத் தானாகவே மூடும் சட்டம் போட்டது. அங்கேயும் குழந்தைகளோடு வேலை, போலீஸ் வேலை போன்ற இடங்களுக்கு விலக்கு உண்டு.

18 வயதுக்குக் கீழ் என்றால்?

இங்கே நம்ம சட்டம் ரொம்பத் தெளிவு. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 24-படி, குழந்தையாக இருந்தபோது வந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும். பிரிவு 74-படி, முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது. 16 வயது தாண்டி, கொடுங்குற்றத்தில் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பானவர்களுக்கு மட்டும் விலக்கு.

17 வயது 11 மாதத்தில் செய்த தவறு ஏட்டிலிருந்து அழியும். 18 வயது ஒரு மாதத்தில் செய்த அதே தவறு ஆயுசுக்கும் இருக்கும். இரண்டு மாத வித்தியாசம்தான்!

விடுதலையானவர்களுக்காவது நிம்மதி உண்டா?

அதுவும் முழுசா இல்லை. தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கான விதியில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவர் என்றே கருதப்படுவார்கள். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதியை ஏற்றுக்கொண்டது.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்பு இன்னொரு தலைவலி. வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021-ல் தனி நீதிபதி, அதற்குச் சட்டம் இல்லையே என்று மறுத்தார். 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது.

ரேகை விஷயத்துக்கும் வருவோம். பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு நடந்த அதே 1920-ல் கைதிகளை அடையாளம் காணும் சட்டம் ஒன்று வந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் வந்த புதுச் சட்டப்படி, விரல் ரேகை உள்ளிட்ட அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாதவரை, அழிக்க வேண்டும். நன்னடத்தையில் விடப்பட்டவர் விடுதலையானவர் இல்லை. அவர் ரேகை அங்கேயே இருக்கும்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

இந்தப் பகுதிகள் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. பழைய வழக்கு திருவள்ளூர் மாவட்டப் போலீஸிலோ சென்னைப் போலீஸிலோ பதிவாகியிருக்கலாம். ஆணையரகம் மாறினாலும் ஏடு மாறாது. அதனால் சில விஷயங்களைக் கவனத்தில் வைப்பது நல்லது.

முதல் விஷயம், மறைக்காதீங்க. படிவம் நேராகக் கேட்டால் உள்ளதை எழுதுங்க. 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதில் வழிமுறை சொல்லியிருக்கிறது. இளவயதில் நடந்த அற்பமான வழக்கு என்றால், மறைத்ததைக்கூட வேலை தருபவர் மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை தந்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் பரிசீலிக்க வேண்டும். மறைத்து மாட்டினால் கேஸைவிட மறைத்தது பெரிய குற்றமாகிவிடும்.

இரண்டாவது, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்க. எந்தப் பிரிவில் நன்னடத்தையில் விட்டார்கள் என்பது அதில் இருக்கும். சில தீர்ப்புகளில் பிரிவு 12-ன் பலன் உண்டு என்று நீதிபதியே எழுதியிருப்பார். இல்லாவிட்டால், விசாரணை முடியும் கட்டத்திலேயே வக்கீல் மூலம் கேட்பது நல்லது.

மூன்றாவது, கண்காணிப்புக் காலம் ஒழுங்காக முடிந்தது என்பதற்கான ஆவணத்தை நன்னடத்தை அலுவலரிடம் கேளுங்க. வழக்கு ஆரம்பித்ததைக் காட்டும் காகிதம் போலீஸிடம் இருக்கும். அது நல்லபடியாக முடிந்ததைக் காட்டும் காகிதம் உங்ககிட்ட இருக்கணும்.

நான்காவது, முடிந்த வழக்கை நிலுவை என்று வெரிஃபிகேஷனில் காட்டினால் திருத்தச் சொல்லி மனு கொடுங்க. வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும். தகுதி உள்ளவர்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும்.

மதுரை யானைக்கல் பகுதியில் ஜார்ஜ் ஜோசப்புக்குச் சிலை இருக்கிறது. அவர் நினைவு நாளில் கிராமங்களிலிருந்து வந்து மாலை போடுகிறார்கள். அவர் காலத்தில் பதிவேட்டில் பெயர் ஏறப் பிறப்பே போதுமானதாக இருந்தது. இன்று சட்டப்படி பிறப்பு மட்டும் போதாது. அது பெரிய மாற்றம்தான். ஆனால் ஏறின பெயர் எப்போது இறங்கும் என்ற கேள்விக்கு, கண்காணிப்பை ஒழுங்காக முடித்த ஒருவரிடம் சொல்லச் சட்டத்தில் இன்னும் ஒரு தேதி இல்லை. அந்தத் தேதியை எழுத வேண்டியது சட்டமன்றமும் நாடாளுமன்றமும்தான்.